மஞ்சளில் நாலு காலும்

ஜூன் 3, திங்கள்

பிலோமினா மேடம் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் எழுதச் சொன்னார். "பெருசா ஒண்ணும் வேண்டாம் சார். பத்து தடவை ஓட விடுங்க. எத்தனை தடவை நாலு காலும் பட்டுச்சு, அப்ப நாய் என்ன பண்ணுச்சு, நீங்க என்ன பண்ணீங்க, அவ்வளவுதான்" என்றார். முப்பத்தெட்டு வயசுதான் இருக்கும் அவருக்கு. சரவணம்பட்டி தாண்டி ஒரு தென்னந்தோப்பில் நாய்களுக்குத் தடை ஓட்டம் பழக்குகிறார்.

லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அளவு குறித்து எழுதுபவன் நான். எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை.

தடைகளில் ஒரு பாலம் உண்டு. நாலடி உயரத்தில் நீளமான பலகை, ஏறுவதற்கு ஒரு சரிவு, இறங்குவதற்கு ஒரு சரிவு. சரிவின் கடைசி மூன்றடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருப்பார்கள். நாய் அந்த மஞ்சளில் கால் வைக்காமல் தாண்டிக் குதித்தால் போட்டியில் தவறு. விதிப்படி ஒரு கால் பட்டாலே போதும். ஆனால் நாலு காலும் படப் பழக்கினால்தான் வேகத்தில் ஒன்றாவது படும் என்கிறார் மேடம். பழக்குவது பாலத்தில் இல்லை. முதலில் தரையில் ஒரு சின்னப் பலகையைப் போட்டு, நாய் ஓடிவந்து நாலு காலும் அதில் வைத்தால் ஒரு துண்டு ஈரல். பலகை பழகிய பிறகு அதைக் கொண்டுபோய்ச் சரிவில் வைப்பது.

சிட்டு செவலை நிறம். நாட்டு நாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் பட்டறைச் சந்தில் கிடந்த குட்டியைத் தாரணி தூக்கிவந்தாள். என் மகள், காலேஜில் இரண்டாம் வருஷம். அவள்தான் இதுவரை போட்டியில் ஓட்டினாள். இப்போது அவளுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போன மாதம் வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்துவிட்டாள். ஆகஸ்ட் 4 போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. நான் ஓட்டுகிறேன்.

மேடம் நின்றபோது 10க்கு 10. நான் நின்றபோது 10க்கு 2.

ஜூன் 5, புதன்

10க்கு 3.

ஜூன் 8, சனி

பட்டறையிலேயே ஒரு பாலம் செய்துவிட்டால் காலையிலும் பழக்கலாம் என்று இரும்பு ஆங்கிள் எடுத்து வெல்டிங் போட்டேன். ஆறுச்சாமி ஒரு காலை இரண்டு இஞ்சு குறைத்து வெட்டிவிட்டான். பதினாறு வருஷம் என்னிடம் வேலை பார்ப்பவன், அளவு நாடாவைத் தலைகீழாகப் பிடிக்கிறான். சத்தம் போட்டேன். அவன் தொப்பி கீழே விழுந்தது, மூக்குக் கண்ணாடியும் விழுந்தது. ஒரு பக்கம் கண்ணாடி உடைந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பவில்லை.

பாலம் நன்றாக வந்திருக்கிறது. ஆட்டமே இல்லை. மஞ்சள் பெயின்ட் நானே அடித்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

பெயின்ட் காயவில்லை. பழக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

தோப்பில் இன்று ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மேடம் இன்று முதல் தடவையாகப் பலகையைப் பாலத்தின் சரிவில் வைத்துப் பார்த்தார். அவர் இறங்குமிடத்தில் நின்றால் சிட்டு மஞ்சளில் நின்று அவர் கையைப் பார்க்கிறது. நான் நின்றால் சரிவின் பாதியிலேயே எம்பி, என் தலை உயரத்துக்குப் பறந்து, பத்தடி தள்ளிப் போய் விழுகிறது. மூன்று தடவையும் அப்படியே.

"சார், இதுக்கு முன்னாடி மஞ்சள்கிட்ட நின்னு நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. கூட நின்னேன்."

"சங்கிலிய எங்கிட்ட குடுங்க."

கழுத்துப் பட்டைச் சங்கிலியை இரண்டாக மடித்து வலது கையில் வைத்திருந்தேன். பழக்கம். அவரிடம் கொடுப்பதற்குக் கையை உயர்த்தினேன். சிட்டு வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்து, அங்கேயே மூத்திரம் போய்விட்டது. தோப்பில் வேறு மூன்று பேர் நாய்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

மழை ஈரத்தில் வயிறு கெட்டிருக்கும் என்று சொன்னேன். மேடம் சங்கிலியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 12, புதன்

பட்டறையில் 10க்கு 0. ஈரல் வேகவைத்துத் தரச் சொல்லிப் பூங்கோதையை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. என் மனைவிக்கு இடது பக்கம் நின்று கூப்பிட்டால் கேட்காது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போக வேண்டும். வருஷக்கணக்காக இப்படித்தான்.

ஜூன் 17, திங்கள்

மேடம் பழைய போட்டியைப் பற்றிக் கேட்டார். எழுதிவைக்கிறேன்.

மே 19, திருப்பூர். தாரணி ஓட்டினாள். சிட்டு முதல் ஓட்டத்தில் மஞ்சளைத் தாண்டியது. இரண்டாவதிலும் தாண்டியது. மற்றத் தடைகளில் எல்லோரையும் விட நாலு நொடி வேகம். தோற்றது அந்த மூன்றடியால் மட்டும். ஆறு மாதம் அதை நான்தான் பக்கத்தில் நின்று பழக்கினேன். எனக்கு மனசு ஆறவில்லை. போட்டி முடிந்ததும் ஓரமாக இருந்த பயிற்சிப் பாலத்துக்குக் கூட்டிப் போய்க் கண்டித்தேன். நாயைக் கண்டிக்கும்போது தாரணி குறுக்கே வந்தாள். அதில்தான் கையில் பட்டது.

முதல் பக்கத்தில் விழுந்தாள் என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான்.

ஜூன் 21, வெள்ளி

காலையில் சிட்டுவை நடக்கக் கூட்டிப் போனேன். மேம்பாலத்துக்குக் கீழே தெருநாய்கள் ஐந்து சேர்ந்து சுற்றிக்கொண்டன. கறுப்பு நாய் ஒன்று சிட்டுவின் தொடையைக் கவ்விவிட்டது. நான் உள்ளே புகுந்தேன். முதல் உதையில் அது விடவில்லை. இரண்டாவது உதை தாடையில். விட்டது. மூன்றாவது, நாலாவது. ஏதோ முறிகிற சத்தம் ஷூவுக்குள் கேட்டது. மற்ற நாலும் ஓடிவிட்டன. கறுப்பு நாய் எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. இட்லிக் கடைக்காரர் "போதும் விடுங்க அண்ணா, அது போயே போச்சு" என்று வந்து என் தோளைப் பிடித்தார். எத்தனை உதை என்று அவருக்குத்தான் தெரியும்.

ஷூவைக் கழற்றிக் கழுவினேன்.

நான் எழுத வந்தது வேறு. சண்டை முடிந்து திரும்பிப் பார்த்தேன். தொடையில் ரத்தத்தோடு சிட்டு என்னிடம்தான் வரும் என்று நினைத்தேன். அதைக் காப்பாற்றியது நான். அது என்னைப் பார்த்துவிட்டு, அந்த நாலு நாய்களும் போன பக்கம் ஓடியது.

ஒரு மணி நேரம் தேடினேன். தாரணி வந்து கூப்பிட்டதும் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வந்தது.

ஜூன் 22 – 27

டாக்டர் சிட்டுவுக்கு ஐந்து தையல் போட்டார். பழக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

தோப்புக்குத் தாரணியும் வந்தாள். மேடம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பாலத்திலிருந்து இருபதடி தள்ளி உட்காரச் சொன்னார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஸ்கூலில் வாத்தியார் உட்காரவைத்ததுபோல் இருந்தது. உட்கார்ந்தேன்.

தாரணி மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மஞ்சளுக்குப் பக்கத்தில் நின்று "சிட்டு, பலகை!" என்றாள். சிட்டு மேலே ஓடி, சரிவில் இறங்கி, முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு, மஞ்சளில் தட்தட்டென்று நாலும் பட்டு வெளியே ஓடியது. பிறகும் ஒரு தடவை. பிறகும். 10க்கு 9. இப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. கைதட்டினேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நாயையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தாரணியும் மேடமும் தண்ணீர்த் தொட்டிக்கிட்ட நின்று வெகுநேரம் பேசினார்கள். நான் கிட்டப் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 4, வியாழன்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. கதவுக் குமிழைத் திருக இடது கையை நீட்டுகிறாள். போகப் போகச் சரியாகிவிடும்.

ஜூலை 7, ஞாயிறு

இனி தோப்புக்குப் போகப்போவதில்லை.

போனதும் மேடம் நாயை வாங்கிக் கட்டிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இந்த நாய்க்கு மஞ்சள் மேல பயமில்ல. மஞ்சளுக்குப் பக்கத்துல நிக்கற உங்க மேலதான் பயம். ஆறு மாசம் அந்த எடத்துல வெச்சு அடிச்சிருக்கீங்க. அது அந்த எடத்தத் தாண்டித்தான் குதிக்கும். வேற என்ன பண்ணும்?"

"நாய அடிக்காம யாருங்க பழக்கறாங்க?"

"நான் பழக்கறேன். சரி, நாய விடுங்க. கை எப்படி ஒடிஞ்சுதுன்னு தாரணி எங்கிட்ட சொல்லிட்டா."

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், ஒரு பொம்பளையிடம் சொல்லும் வார்த்தை இல்லை. கையில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அது தென்னை மரத்தில் பட்டு இரண்டு கால் உடைந்தது. மேடம் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. அவர் முகம் மட்டும் வெளுத்தது.

"கையக் கீழ போடுங்க சார். இனிமே தாரணி மட்டும் நாயக் கூட்டிட்டு வரட்டும். நீங்க இந்தக் கேட்டுக்குள்ள வரக் கூடாது."

"என்ற வீட்டு நாய்ங்க அது. எங்க கூட்டிட்டுப் போறதுன்னு நான்தான் சொல்லுவேன்."

சிட்டுவை அவிழ்த்துக் காரில் ஏற்றி வந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

பட்டறைக் கேட்டைச் சாத்திக்கொண்டு பழக்கினேன். 10க்கு 0. குதிக்கிற உயரத்தை அளந்து பார்த்து, மஞ்சளுக்கு மேலே இரண்டரை அடியில் ஒரு இரும்புப் பட்டியைக் குறுக்கே வெல்டு வைத்தேன். குதிக்க வழியில்லாவிட்டால் இறங்கித்தானே ஆக வேண்டும்.

ஜூலை 10, புதன்

சிட்டு பட்டியில் மோதிக்கொண்டது. உதட்டில் கீறல். ஒரு பல் போயிருக்கிறது. தாரணியிடம் எலும்பு கடித்தபோது போனது என்று சொன்னேன்.

அவள் பல்லை எங்கே என்று கேட்டாள்.

ஜூலை 11, வியாழன்

10க்கு 0. பாலத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு வெகுநேரம் ஆகிறது. வேறு வேலையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. பட்டறையில் ஆள் இல்லை. ஆறுச்சாமி போன பிறகு மற்ற இரண்டு வேலையாட்களும் நின்றுவிட்டார்கள். சிட்டுவைப் பாலத்தின் மேல் தூக்கி வைத்தேன். மேலேயே படுத்துக்கொண்டது. இழுத்தேன், நகரவில்லை. கடித்தது. முழங்கைக்குக் கீழே நன்றாகப் பதிந்தது. மூன்று வருஷத்தில் அது ஒருத்தரையும் கடித்ததில்லை. நான் அதைக் கீழே தள்ளி, தூணில் கட்டிவிட்டு, ரேக்கிலிருந்து முக்கால் இஞ்சுப் பைப் ஒன்றை எடுத்தேன்.

முதல் அடி முதுகில். அது கத்திய கத்தலுக்குத்தான் வீட்டிலிருந்து ஓடிவந்திருக்கிறார்கள். வீடு பட்டறைக்குப் பின்னால்தான். சின்னக் கதவு வழியாகத் தாரணி உள்ளே நுழைந்தாள். நேராக வந்து நாயின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

"எந்திரி" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிடீ. சொல்லிட்டேன்."

ஓங்கிய பைப் மேலே இருந்தது. அடித்திருப்பேனா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். மாட்டேன் என்று எழுத ஆரம்பித்து இரண்டு தடவை நிறுத்திவிட்டேன்.

பின்னாலிருந்து என் வலது கையில் ஏதோ விழுந்தது. முதலில் வலி இல்லை. பைப் தரையில் விழுந்து உருண்ட சத்தம்தான். திரும்பினேன். பூங்கோதை. ரேக்கிலிருந்து இன்னொரு பைப்பை எடுத்திருக்கிறாள், ஒண்ணேகால் இஞ்சு, கனமானது. கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் அவளை நோக்கி ஒரு எட்டு வைத்தேன். இரண்டாவது அடி முழங்கையில். இந்தத் தடவை எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. நான் மண்டியிட்டுவிட்டேன்.

"போதுமுங்க" என்றாள். "இருவத்தொரு வருசம் போதும்."

கத்தவில்லை, அழவில்லை. சந்தையில் காய் போதும் என்று சொல்கிற குரல். மூன்றாவது அடி தலையில் விழும் என்று நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், என் தலையையே பார்த்தாள். பிறகு பைப்பை எண்ணெய்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப் போனதும் அவள்தான். ஆட்டோவில் அந்தக் கோடியில் உட்கார்ந்து வந்தாள்.

சின்ன வயசு டாக்டர். எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

"லேத்துல மாட்டிக்கிச்சுங்க" என்றேன்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள் பூங்கோதை. "நான் அடிச்சேன். பைப்புல."

டாக்டர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். அவள் இடது பக்கமாக வந்து நின்று என்னவோ மெதுவாகக் கேட்டார். அவள் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தக் காது கேக்காது. கல்யாணமாகி மூணாம் வருசம் இவரு அடிச்சதுல போச்சு. இதே ஆஸ்பத்திரிதானுங்க. பாத்ரூம்ல வழுக்கி உளுந்துட்டேன்னு சொன்னேன், அப்பிடியே எழுதிக்கிட்டாங்க. என்ற மகளுக்கும் மே மாசம் இங்கதான் மாவுக்கட்டு போட்டாங்க. அதயும் உளுந்துட்டான்னு எழுதி இருக்கும். அது பொய்யிங்க. ரெண்டயும் திருத்திக்கங்க."

டாக்டர் அவளையே பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 17, புதன்

நேற்று எழுதியதில் கை தளர்ந்துவிட்டது. மீதியை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். "உங்க சம்சாரம் ஒத்துக்கறாங்க. கம்ப்ளெயின்ட் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் பூங்கோதை உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. காலை மேலே இழுத்து வைத்துக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவளை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

கம்ப்ளெயின்ட் இல்லை என்றேன்.

பெருந்தன்மை என்று எஸ்.ஐ. நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. கம்ப்ளெயின்ட் எழுதினால் ஏன் அடித்தாள் என்று கேட்பார்கள். அதற்காகத்தான் வேண்டாம் என்றேன்.

ஜூலை 20, சனி

கையில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். வீட்டில் யாரும் இல்லை. இரண்டு பேரின் துணிகளும் இல்லை, நாயின் தட்டும் இல்லை. பிலோமினா மேடம் வீட்டு மாடியில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

ஆறுச்சாமி தன் சாமான்களை எடுத்துப்போக வந்தான். சட்டைப் பொத்தானை ஒரு கையால் போட முடியாமல் நின்றிருந்தேன். அவனே வந்து போட்டுவிட்டான். மூக்கில் புதுக் கண்ணாடி. திரும்ப வருவியா என்று கேட்டேன்.

"வேற பட்டறைல சேந்துட்டனுங்க."

"என்னைய விட ஜாஸ்தியா தர்றானா?"

"இல்லீங்க, கொறவுதான். அங்க யாரும் கை வெக்கறதில்லீங்க."

கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டுப் போனான்.

ஜூலை 28, ஞாயிறு

நீங்க என்ன பண்ணீங்க என்று எழுதச் சொன்னார் மேடம். எட்டு வாரமாக எழுதவில்லை. எழுதுகிறேன்.

மே 19, திருப்பூர். பயிற்சிப் பாலத்தின் மஞ்சளில் சிட்டுவை நிறுத்திச் சங்கிலியால் அடித்தேன். "இங்க, இங்க" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். பித்தளைக் கொக்கி இருக்கிற முனையால். எண்ணவில்லை. தாரணி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "ப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். அந்த வார்த்தையில்தான் எனக்கு ஏறியது. சங்கிலியைக் கீழே போட்டேன். அவள் விழவில்லை. நான் வீசிய அடி அவள் மேல் படவும் இல்லை. அவள் மணிக்கட்டை என் இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு திருப்பினேன். அவள் "வேண்டாம்ப்பா" என்றாள். நிறுத்த நேரம் இருந்தது. அவள் இரண்டாவது தடவையும் சொன்னாள், அப்போதும் நேரம் இருந்தது. எலும்பு சத்தம் கேட்கும் வரைக்கும் திருப்பினேன்.

காரில் வரும்போது அவளிடம், விழுந்துவிட்டேன் என்று சொல் என்றேன். சரி என்றாள்.

பூங்கோதையின் காதும் அப்படித்தான். ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்லூரி மைதானம். கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே இருநூறு பேர் நின்றார்கள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கால் தானாகப் பாலம் இறங்குகிற பக்கத்துக்குப் போயிற்று. அங்கிருந்துதான் மஞ்சள் நன்றாகத் தெரியும். ஒரு தடித்த ஆளுக்குப் பின்னால் நின்றேன்.

மைக்கில் "அடுத்து தாரணி, சிட்டு" என்றார்கள். சிட்டுவின் முதுகில் ரோமம் ஒரு கோடாக வளராமல் இருந்தது. ஆனால் ஓடியது. தாண்டு கட்டைகள், குழாய், வளையம், எல்லாம் ஒரே மூச்சு. தாரணி பக்கத்தில் ஓடிக்கொண்டே கூப்பிட்டாள். பாலத்தில் ஏறியது. மேல் பலகையின் நடுவில் வந்தபோது காற்று என் பக்கமிருந்து அடித்தது.

சிட்டு நின்றுவிட்டது. மூக்கைத் தூக்கியது. கூட்டத்தில் என் முகம் அதற்குத் தெரிந்திருக்காது. ஆனால் நேராக என் பக்கம் பார்த்தது. உடம்பு தாழ்ந்தது. தாரணி "பலகை, சிட்டு, பலகை" என்றாள். அது சரிவின் பாதியில் எம்பி மஞ்சளுக்கு மேலே பறந்து, அவளையும் தாண்டிப் போய் விழுந்தது. நடுவர் கையைத் தூக்கினார். தவறு.

தாரணி நாயைத் திட்டவில்லை. அது பார்த்த திசையைத் தேடிப் பார்த்தாள். தடித்த ஆள் நகர்ந்தான். என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நின்றிருப்பேன். அவள் உடம்பும் அந்த நாயைப் போலவே கொஞ்சம் தாழ்ந்தது. ஊனமான கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

மேடம் கயிற்றைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"சார், இன்னொரு ரவுண்டு இருக்கு."

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே மேடம். சும்மாதான நின்னேன்."

"தெரியும் சார். நீங்க நிக்கறதே போதும் அதுக்கு."

என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. காத்திருந்தார். அவருக்குப் பின்னால், மரத்தடியில், பூங்கோதை சிட்டுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு இடது காதைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டாலும் கேட்டிருக்காது.

கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு நடந்தேன். பஸ் நிறுத்தம் அரை மைல் இருக்கும். வெயில். கைக்குள் வைத்த பிளேட் சுட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது மைக் சத்தம் அங்கே வரைக்கும் விட்டுவிட்டு வந்தது. பெயர் பெயராகச் சொன்னார்கள். ஒரு பஸ் வந்தது, விட்டேன். இன்னொன்றும் போனது. பிறகு "தாரணி" என்று கேட்டது. ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பெரிய கைதட்டல், மைக்கில் "தவறே இல்லாத ஓட்டம்" என்றார்கள்.

எத்தனை கால் பட்டது என்று தெரியாது. நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அதே எஸ்.ஐ. இருந்தார். சம்சாரத்தின் மேல் கம்ப்ளெயின்ட் கொடுக்க வந்தேன் என்று நினைத்து, "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றார்.

"என் மேலதானுங்க" என்றேன்.

இடது கையால் எழுதிய இரண்டு பக்கத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். பாதியில் உட்கார்ந்தார். "பொண்ணு விழுந்துருச்சுன்னு ரெக்கார்டுல இருக்கே?"

"அது நான் சொல்லச் சொன்னதுங்க."

"இத யாரு எழுதிக் குடுத்தா? வக்கீலா?"

"நான்தானுங்க."

"இப்ப எதுக்குய்யா வந்து சொல்றே? அவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னா?"

இல்லை என்றேன். வீட்டில் அவர்கள் இல்லாததால் யாரையும் நான் அடிக்கவில்லை, ஆனாலும் போன திங்கட்கிழமை காலையில் டம்ளர் கை தவறி விழுந்தபோது அதைக் காலால் மிதித்து நசுக்கினேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

தாரணியையும் பூங்கோதையையும் தனியாக விசாரிப்பார்களாம், அவர்கள் விருப்பப்படிதான் வழக்கு நடக்குமாம். அதுவரைக்கும் அவர்கள் இருக்கிற தெருப் பக்கம் போகக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். கையெழுத்து இடது கையில் என் கையெழுத்துபோல் வரவில்லை. கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

இப்போது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையில் இந்த நோட்டு நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன அது என்று எஸ்.ஐ. கேட்டார்.

"நாய் பழக்கற நோட்டுங்க."

"அவ்வளவுதானா?"

நோட்டைப் பைக்குள் தள்ளினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்ட்டுட்டு வர்றேன். அப்ப அந்த நோட்டக் குடுத்துட்டுப் போங்க" என்று உள்ளே போனார்.

ஜூலை 28ஆம் தேதிப் பக்கம் ஒரே ஒரு தாள். நிறுத்த நேரம் இருந்தது என்பது இதில்தான் இருக்கிறது, எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் இல்லை. ஒரு கையாலேயே கிழித்துவிடலாம். அதைப் பிடித்துப் பார்த்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் யாரோ ஒரு பெண் கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள். நான் கையை அசைத்தபோது அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

கிழிக்கவில்லை. எஸ்.ஐ. கை கழுவுகிற சத்தம் கேட்கிறது.